செத்த காலேஜ்

எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் நாற்பது பேரைச் சில வாரங்களுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். உடன் வந்த மூத்த பேராசிரியர் ஒருவர், அடுத்த துறைக் கூட்டத்தில் மனம் வெதும்பிப் பேசினார். அரைமணி நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்; ஆர்வமும் இல்லை, தகுதியும் இல்லை; கல்லூரிக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டதன் பலன் இதுதான் என்றார். இது அவர் ஒருவரின் கருத்தல்ல. உயர்கல்வி பற்றி எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. நானும் அந்தப் பயணத்தில் ஏமாந்துதான் திரும்பினேன். ஆனால் என்னை ஏமாற்றியவர்கள் மாணவர்கள் அல்ல.

அந்த அரைமணியை முதலில் சொல்கிறேன். மூன்று கூடங்களில் ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் பாதி விளக்குகள் எரியவில்லை. கண்ணாடிப் பேழை ஒன்றில் பதினோரு கற்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே அட்டை: 'கற்கருவிகள், பழைய கற்காலம்'. எங்கே கிடைத்தவை, யார் எடுத்தது, எத்தனை வயது, எதற்குப் பயன்பட்டவை, ஒன்றும் இல்லை. விளக்கிச் சொல்ல யாராவது உண்டா என்று கேட்டோம். அந்தப் பணியிடம் காலி என்றார் காவலர். நாலைந்து பேர் செல்ஃபி எடுத்தது உண்மைதான். அங்கே அவர்கள் செய்வதற்கு வேறு என்ன இருந்தது?

பேழை முன்னால் ஒரு மாணவன் மட்டும் நகரவே இல்லை. அவன் அப்பா கல்குவாரியில் வேலை செய்பவர். லீவு நாட்களில் இவனும் போவான். "சார், இது தானா உடைஞ்ச கல்லு இல்ல. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தட்டியிருக்காங்க. இங்க பாருங்க, அடி விழுந்த இடம் குழிஞ்சிருக்கு. கல்லோட வாட்டம் தெரியாம இப்படிச் சில்லு எடுக்க முடியாது" என்றான். கைக்கோடரி என்றால் என்ன என்பதை வகுப்பில் விளக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அவன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான். அடுத்து, "எத்தனை வருஷம் இருக்கும் சார்? எந்த ஊர்க் கல்லு?" என்று கேட்டான். அட்டையைத் தாண்டி எனக்கும் எதுவும் தெரியவில்லை. ஆர்வம் இல்லை என்று முத்திரை குத்தப்பட்ட நாற்பது பேரில் இவனும் ஒருவன்.

தேடல் உள்ளவனுக்குப் பொருளே பேசும், அட்டை எதற்கு என்றும் பேராசிரியர் சொன்னார். அப்படிப் பேசாது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கல்தான் இந்தியப் பழைய கற்கால ஆய்வுக்கே தொடக்கம். அதுபோன்ற கற்களை அவருக்கு முன் எத்தனையோ பேர் மிதித்துப் போயிருப்பார்கள். ஃபூட்டுக்கு மட்டும் அது கருவியாகத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கள் தொல்பழங்கால மனிதன் செதுக்கியவையே என்று ஆங்கிலேய ஆய்வாளர்கள் பிரெஸ்ட்விச்சும் எவன்ஸும் 1859-ல் உறுதி செய்திருந்தார்கள். அந்தச் செய்தி ஃபூட்டை எட்டியிருந்தது. அவருக்கும் யாரோ சொல்லித்தான் இருக்கிறார்கள். அதே 1863-ல் அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இதுபோன்ற ஒரு வரியை ஓர் அட்டையில் எழுதி அந்தப் பேழைக்குள் வைத்திருந்தால், அந்தப் பையன் சாயங்காலம் வரை அங்கேயே நின்றிருப்பான்.

'அந்தக் காலத்தில் மாணவர்களுக்கு ஆர்வம் இருந்தது' என்ற வாதத்துக்கு வருவோம். 1851-ல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகம் முதலில் இருந்தது ஒரு கல்லூரி வளாகத்தில். அருங்காட்சியகத்தோடு ஒட்டி வளர்ந்ததுதான் உயிரியல் பூங்காவும். சென்னைச் சனங்கள் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பூங்காவுக்கு உயிர் காலேஜ் என்றும் பெயர் வைத்தார்கள். உண்மையான காலேஜின் படியை மிதிக்க முடியாத சனங்கள் தாங்கள் நுழைய முடிந்த இடத்துக்குக் காலேஜ் என்று பெயர் வைத்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆர்வம் அன்றைக்கும் இருந்தது. இல்லாதது இடம். பேராசிரியர் பெருமையோடு நினைக்கும் அந்த வகுப்பறைகளில் கல் உடைப்பவர் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்?

எல்லோரும் வந்ததால்தான் தரம் போயிற்று என்பதையும் ஏற்க முடியாது. 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இது வீட்டில் முதல் முறையாகப் பட்டம் வாங்க வந்த பிள்ளைகளின் கணக்கும்தான். பிள்ளைகள் பெருகிய வேகத்தில் நிரந்தர ஆசிரியர்களை நியமித்தோமா? அரசுக் கல்லூரிகளில் எத்தனையோ பாடங்களைத் தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் விளக்குநர் பணியிடம் காலி. கல்லூரியில் பேராசிரியர் பணியிடம் காலி. இரண்டுக்கும் பழியைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தலையில் கட்டுவது அநியாயம்.

விளக்கம் இருந்தால் மட்டும் சனங்கள் நின்று பார்ப்பார்களா என்று கேட்பவர்கள், கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். 2023 மார்ச்சில் திறந்தது அது. இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்கள், பானை ஓட்டில் கீறிய எழுத்தின் முன் நின்று தமிழில் எழுதிய விளக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்கிறார்கள்.

அடுத்த மாதம் அதே பிள்ளைகளை அதே அருங்காட்சியகத்துக்கு மறுபடி கூட்டிப் போகிறோம். அந்த மாணவனின் அப்பாவையும் அழைத்திருக்கிறேன். கல்லை எங்கே தட்டினால் எப்படிச் சில்லு பெயரும் என்று பேழை முன் நின்று அவர் சொல்வார். ஒரு நாள் கூலி போகுமே சார் என்று தயங்கினான் பையன். சிறப்புரையாளருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்குத் தரும்படி கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.