தரிசு என்று எழுதுவதற்கு முன்

சோலார் பற்றி செமினார் எடுக்காத பேட்ச் நம்ம காலேஜில் இருக்க முடியாது. எல்லா பிபிடியிலும் ஒரு ஸ்லைடு தவறாமல் வரும். இந்தியா மேப், அதில் ராஜஸ்தான், பக்கத்தில் மூன்று காரணங்கள்: வெயில் அதிகம், நிலம் மலிவு, அங்கே ஒண்ணும் கிடையாது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் எனக்குத் தகராறு.

இந்த "ஒண்ணும் கிடையாது" நாம் கண்டுபிடித்தது இல்லை. அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பிலேயே பாலைவன மணலுக்குத் தனி வகை உண்டு. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால், அதற்கப்புறம் அங்கே யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தார் பாலைவனத்தில் நடப்பது அதுதான்.

அங்கே யார்தான் இருக்கிறார்கள்? முதலில் வன்னி மரம். நம்ம ஊர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கிற அதே வன்னிதான். ராஜஸ்தானில் அதற்குப் பெயர் கேஜ்ரி. ஜெய்சல்மேர் பக்கம் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிய விஷயம். வன்னி தன் வேரை ஆழமாக இறக்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் அங்குள்ள விவசாயி வயலுக்கு நடுவே நிற்கும் வன்னியை வெட்டமாட்டார். அதன் அடியில் கம்பும் நரிப்பயறும் நன்றாக விளையும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் மனுஷனுக்கு. 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அரண்மனை வேலைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி தொடங்கி 363 பிஷ்னோய் மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார்கள். அவர்களுக்கு அது தரிசு இல்லை.

அடுத்து புல். சேவண் என்கிற புல் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் புல்லை முள்வால் பல்லி தின்கிறது, வெட்டுக்கிளியும் தின்கிறது. பல்லியைக் கழுகும் நரியும் பிடிக்கின்றன. பல்லி தோண்டிய வளைக்குள் மற்ற சின்ன உயிர்கள் வெயிலுக்கு ஒதுங்குகின்றன. வெட்டுக்கிளி, வண்டு, பல்லி எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டு இந்தப் புல்வெளியில் நடக்கிறது கானமயில். ஒரு காலத்தில் தமிழ்நாடு வரை இருந்த பறவை. இன்றைக்கு நாட்டில் மிஞ்சியிருப்பது 150-க்கும் குறைவு என்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் பக்கம்தான்.

கானமயில் தரையில்தான் முட்டையிடும், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. ஆண் பறவை 15 கிலோ வரை வளரும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. பறக்கும்போது முன்னால் மின்கம்பி இருப்பது தெரிந்து திரும்புவதற்குள் மோதிவிடும். இந்த ஒரு பறவை மட்டும் இல்லை. தார் பகுதியில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டருக்குள் வருஷத்துக்கு 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாகின்றன என்பது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீடு.

"அப்போ சோலாரே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நிலக்கரியை விட்டு வெளியே வந்தே ஆகணும். பத்லா சோலார் பார்க் மட்டுமே 2,245 மெகாவாட். அதைக் குறை சொல்வது என் வேலை இல்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் கானமயில் பகுதிகளில் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. முழுக்க அப்படிச் செய்வது நடைமுறையில் கஷ்டம் என்று அரசு சொல்ல, 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. இதில் அரசு சொன்னதிலும் நியாயம் இருக்கு. ஈஇஇ மக்களுக்குத் தெரியும்: ஹை வோல்டேஜ் ஏசி கேபிளை நீளமாகப் புதைத்தால் கெபாசிட்டன்ஸ் ஏறும், சார்ஜிங் கரண்ட்டே கேபிளின் திறனில் பெரும்பங்கைத் தின்றுவிடும். செலவும் பல மடங்கு.

ஆனால் 33 கேவி லைனுக்கு அதே சாக்கைச் சொல்ல முடியாது. அதைப் புதைக்கலாம். பெரிய லைன்களை முட்டையிடும் இடங்களைச் சுற்றிக் கொண்டுபோகலாம். மீதிக் கம்பிகளில் பறவைக்குத் தெரிகிற மாதிரி டைவர்ட்டர் மாட்டலாம். இதெல்லாம் ராக்கெட் சயின்ஸ் இல்லை. லைன் போட்ட பிறகு யோசித்தால் செலவு, வரைபடம் போடும்போதே யோசித்தால் அது டிசைன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலைவனம் காலி என்று நினைத்து அவசரமாகத் "தீர்வு" கொண்டுவந்த கதை ஏற்கனவே ஒன்று உண்டு. மணலைத் தடுக்க, விறகு கிடைக்க என்று வெளிநாட்டிலிருந்து ஒரு மரம் வந்தது. 1940-இல் ஜோத்பூர் அரசு அதற்கு ராஜ மரியாதையே கொடுத்தது. அங்கே அதன் பெயர் விலாயதி பபூல். விலாயதி என்றால் சீமை. ஆமாம், நம்ம சீமைக்கருவேலமேதான். வன்னிக்கு நெருங்கிய சொந்தம், குணம் மட்டும் நேர் எதிர். வன்னியின் கீழே பயிர் வளரும், இதன் கீழே புல்கூடத் திணறும். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜெய்சல்மேர் அருகே சம், ராம்தேவ்ரா மையங்களில் கானமயில் குஞ்சுகளைக் கூண்டில் வளர்க்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் ஒருநாள் அவற்றைத் திறந்துவிட வேண்டும். அப்போது கீழே புல்லும் மேலே கம்பி இல்லாத வானமும் இல்லையென்றால், அந்தக் கூண்டுதான் அவற்றுக்கு நிரந்தர வீடு.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் நாலு வருஷத்தில் ஏதாவது எனர்ஜி கம்பெனியில் உட்கார்ந்து சைட் ரிப்போர்ட் எழுதுவீர்கள். 'நிலத்தின் வகை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தரிசு என்று டைப் பண்ணுவதற்கு முன், அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். சாட்டிலைட் படத்தில் தெரியாத வளையும், முட்டையும், மேய்ச்சல் தடமும் அவருக்குத் தெரியும்.