பிழையில் ஒரு பிழைப்பு!

உங்கள் பர்ஸில் கிடக்கும் ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய்க் காசுகளைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். வருஷம் போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே உற்றுப் பாருங்கள். வைரம் மாதிரி சின்னக் கட்டம் இருந்தால், அது மும்பையில் அடித்த காசு. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒரு குறியும் இல்லையா? பதற வேண்டாம்... அது கொல்கத்தா! அந்த நாணயச்சாலை குறி போடுவதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஆனால், இதே காசைத்தான் ‘குறி விடுபட்ட அபூர்வப் பிழை நாணயம்... லட்சக்கணக்கில் விலை போகும்’ என்று வீடியோ போட்டுக் கூவுகிறார்கள். கோடிக்கணக்கில் அடித்து, நாடு முழுக்கப் புழங்குகிற காசு ஒரே ராத்திரியில் அபூர்வப் பொருளாகிவிட்டது!

இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் தெரியுமா? ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி பார்க்கிறார். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடைக் கல்லாவில் சில்லறை எண்ணுகிறவர் பார்க்கிறார். அத்திப்பள்ளி தாண்டி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் பார்க்கிறார். வாடகை, வட்டி, ஸ்கூல் ஃபீஸ் போகக் கையில் ஒன்றும் மிஞ்சாத மனுஷனிடம், ‘உன் சட்டைப் பையிலேயே புதையல் இருக்கு’ என்று ஒருத்தன் சொன்னால் சபலம் வராதா? வரும். அந்தச் சபலத்தைத்தான் இவர்கள் அறுவடை செய்கிறார்கள். ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது சுலபம். நான் திட்டப்போவது ஏமாற்றுகிறவர்களையும், அவர்களுக்குத் தண்டோரா போடுகிறவர்களையும்.

ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2012 என்று வருஷம் பொறித்த வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்க் காசுகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக மத்திய அரசு வெளியிட்ட நினைவு நாணயம். அதில் பிழையும் இல்லை, பெரிய அபூர்வமும் இல்லை. அதைப் படம் பிடித்து அனுப்பினால், ‘பத்து லட்சத்துக்குப் பார்ட்டி ரெடி’ என்று பதில் வரும். அப்புறம் ‘பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்க’ என்பார்கள். அனுப்பினால், ஜி.எஸ்.டி. என்பார்கள். அதையும் கட்டினால் கூரியர் இன்ஷூரன்ஸ், ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வரும். உங்கள் பணம் தீர்கிற நாளில் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடும்.

போச்சம்பள்ளி சந்தைக்கு மாடு விற்கப் போகிறீர்கள். வாங்க வந்தவர், ‘முதலில் நீங்க எனக்கு அய்யாயிரம் கொடுங்க, அப்புறம் மாட்டை வாங்கிக்கிறேன்’ என்றால் என்ன செய்வீர்கள்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட மாட்டீர்களா? மாட்டு விஷயத்தில் இருக்கிற சூட்சுமம் காசு விஷயத்தில் எங்கே போச்சு?

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ம் தேதி பகிரங்கமாக எச்சரித்தது. ‘பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கிற வேலை எங்களுக்குக் கிடையாது. அதற்கு எந்தக் கட்டணமும், கமிஷனும் நாங்கள் கேட்பதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை’ என்பதுதான் அதன் சாரம். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஆனால், ரிசர்வ் வங்கி பேச்சை நாம் எப்போது கேட்டோம்? பத்து ரூபாய் நாணயத்தின் கதையை மறந்துவிட்டீர்களா? பத்து கோடு போட்டது நல்லது, பதினைந்து கோடு போட்டது கள்ளக்காசு என்று யாரோ கிளப்பிவிட, சேலம், தருமபுரி பக்கமெல்லாம் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். சென்னையில் சர்வ சாதாரணமாகப் புழங்கிய காசு, இங்கே செல்லாக்காசு! 2016 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. 2018 ஜனவரியில் மறுபடி சொன்னது, பதினாலு டிசைன் இருக்கிறது, பதினாலும் செல்லும் என்று. யார் காதில் விழுந்தது? அரசாங்கம் அடித்துக் கொடுத்த பத்து ரூபாயைப் பத்து ரூபாய்க்கு வாங்க மாட்டோம். அதே அரசாங்கம் அடித்த அஞ்சு ரூபாயைப் பத்து லட்சத்துக்கு விற்பதாகச் சொன்னால் நம்புவோம். இது என்ன கணக்கு சார்?

இதில் நம்ம மீடியா நண்பர்களின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. ‘இந்தக் காசு உங்ககிட்ட இருக்கா? நீங்களும் லட்சாதிபதி!’ என்று தலைப்புப் போடுகிறார்கள். உள்ளே போய்ப் படித்தால், எந்த ஏலம், என்ன தேதி, என்ன விலைக்குப் போனது... ஒன்றுக்கும் பதில் இருக்காது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை என்ன என்று எழுதுவதற்குக்கூட ஒரு போன் போட்டு விசாரிக்கிறோம். பத்து லட்ச ரூபாய்க் காசைப் பற்றி எழுதும்போது விசாரிக்கக் கூடாதா? விசாரிக்காமல் போட்ட ஒவ்வொரு தலைப்பும், மோசடிக்காரன் கையில் ஓர் அத்தாட்சி. ‘பேப்பர்லயே வந்திருக்கு பாருங்க’ என்று அதைத்தானே காட்டுகிறான்?

‘அப்படியானால் பிழை நாணயம் என்பதே பொய்யா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அருமையான பொழுதுபோக்கு அது. அதை எடைபோடத் தேவையான அறிவும் ஓசூரில் வீதிக்கு வீதி இருக்கிறது. அதுதான் எனக்கு ஆதங்கமே! பிரஸ் ஷாப்பில் நின்றவருக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாணயம் அடிப்பதும் பிரஸ் வேலைதான். தகட்டிலிருந்து வட்டமாக பிளாங்க் வெட்டி, ரெண்டு டைக்கு நடுவே வைத்து ஓர் அடி. கம்பெனியில் வருகிற ரிஜெக்ஷன் எல்லாம் அங்கேயும் வரும்.

பிளாங்க் நகர்ந்து உட்கார்ந்தால் படம் மையம் விலகும். ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் பஞ்ச் விழுந்தால் பிறை மாதிரி கடி விழும். முதலில் அடித்த காசு டையிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கம் நல்ல படம், மறுபக்கம் அதே படம் கண்ணாடியில் பார்த்த மாதிரி பள்ளமாக விழும். வியாபாரிகள் ‘லக்கி காயின்’ என்று சொல்வது இதைத்தான். டை திரும்பிக்கொண்டால் பின்பக்கம் சாய்ந்துவிடும். நம்ம ஊர்க் காசைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி புரட்டினால், பின்பக்கமும் நேராகத்தான் நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் பிழைதான். ஆனால், சில டிகிரி சாய்வுக்கெல்லாம் யாரும் பணத்தைக் கொட்ட மாட்டார்கள்.

போலியைப் பிடிப்பதும் அதே க்யூ.சி. கண்தான். டையில் விரிசல் இருந்தால், காசில் அது புடைத்த கோடாகத் தெரியும். பள்ளமான கோடு என்றால், வெளியே வந்தபிறகு பட்ட கீறல். புடைத்திருந்தால் டை, பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் ரோடு! பிறந்தபோதே கடி விழுந்த காசில், கடிக்கு நேரெதிர் விளிம்பு பெரும்பாலும் சற்று மங்கி இருக்கும். அரம் போட்டு ராவிய காசில் எதிர் விளிம்பு கிண்ணென்று நிற்கும். ரெண்டு காசை வைஸில் வைத்து நசுக்கினால், பள்ளமான படம் விழும். ஆனால், அடியில் இருந்த பழைய படமும் நசுங்கித் தெரியும். ‘ரெண்டு பக்கமும் தலை’ காசு, லேத்தில் ஒன்றைக் குடைந்து இன்னொன்றைச் சொருகியது. விளிம்பின் உள்ளே ஜாயின்ட் தெரியும். எடை போட்டால் மாட்டிக்கொள்ளும். நாள் முழுக்க மைக்ரோமீட்டர் பிடித்து வண்டி பார்ட்ஸையும், வாட்ச் பார்ட்ஸையும் சலிக்கிற கைகள், ஒரு காசை மட்டும் பார்க்காமலே நம்பலாமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் ஏழு வருஷம்வரை உள்ளே தள்ளக்கூடிய குற்றம். லேத்தில் விளையாட நினைக்கிறவர்கள் கவனிக்கவும்.

சரி, அசல் பிழைதான். விலை? பி.காம் படித்தவர்களுக்குத் தெரியும். வருஷக் கடைசியில் கையிருப்புச் சரக்குக்கு மதிப்புப் போடும்போது, அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். ‘நான் என்ன கேட்கிறேன்’ என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் இடமே கிடையாது. கேட்கிற விலை வேறு, போன விலை வேறு. மும்பை டோடிவாலா, பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களில் எந்தக் காசு என்ன விலைக்குப் போனது என்று பார்க்க முடியும். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். 2008-ல் 20 பென்ஸ் காசின் டிசைனை மாற்றினார்கள். வருஷம் போடும் இடமும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது. பழைய டையும் புதிய டையும் தவறாக ஜோடி சேர்ந்ததில், வருஷமே இல்லாத காசுகள் வெளியே போய்விட்டன. 2009-ல் அந்த நாட்டு நாணயச்சாலையே தவறை ஒப்புக்கொண்டது. ஊரெல்லாம் பேச்சு. விலை? சுமார் 50 பவுண்டு. காரணம், அந்தக் காசு அய்ம்பதாயிரத்துக்கு மேல், ஒருவேளை ரெண்டரை லட்சம்வரைகூட வெளியே இருக்கலாம் என்பது மதிப்பீடு. பிழை இருந்தால் மட்டும் போதாது. எத்தனை இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் விலை. நம் நாணயச்சாலைகளும் இப்படி வெளிப்படையாக, தமிழிலும் ஒரு பக்கம் எழுதி, ‘இது பிழை, இது பிழையே இல்லை’ என்று சொல்லிவிட்டால் பாதி மோசடிக்காரர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

அமெரிக்காவிலும் இதே கூத்து உண்டு. 1943-ல் யுத்தத்துக்குத் தாமிரம் தேவைப்பட்டதால், ஒரு சென்ட் காசை இரும்பில் அடித்தார்கள். மிஷினில் மிச்சமிருந்த சில தாமிர பிளாங்க்குகளும் அடிபட்டு வெளியே வந்தன. அதில் ஒன்று 2010-ல் 17 லட்சம் டாலருக்குப் போனது நிஜம். ஆனால், அந்தக் காலத்திலேயே ஒரு புரளி... ‘இந்தக் காசு கொண்டுவந்தால் ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருகிறாராம்!’ ஜனங்கள் சில்லறையைக் கொட்டித் தேடினார்கள். இரும்புக் காசுக்குத் தாமிர முலாம் பூசிக் காசு பார்த்தவர்களும் உண்டு. ஒரு காந்தத்தை வைத்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். ஃபோர்டு யாருக்கும் கார் தரவில்லை.

காசைக் கொடுத்துக் கார் வாங்கிய ஒருவர் நம்ம பக்கத்தில் இருக்கிறார். தருமபுரி மாவட்டம் அரூர்க்காரர். 2022-ல், யாரும் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயங்களை மூட்டை மூட்டையாகச் சேர்த்து, சுமார் ஆறு லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கினார். கிட்டத்தட்ட அறுபதாயிரம் காசு! ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது முழுசாகப் பத்து ரூபாய். அது நாணயமான கணக்கு.

ஏமாந்துவிட்டவர்கள் கூச்சப்படாமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். இன்னும் ஏமாறாதவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை, ‘உங்க காசு பத்து லட்சம் போகும், பதிவுக் கட்டணம் ரெண்டாயிரம் மட்டும் அனுப்புங்க’ என்று எவனாவது கூப்பிட்டால் கோபப்படாதீர்கள். ‘அந்த ரெண்டாயிரத்தைப் பத்து லட்சத்திலேயே கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்புங்க சார்’ என்று பணிவாகச் சொல்லுங்கள்.

போன் அவனே கட் பண்ணிவிடுவான்.