மல்லி என்று ஒரு படம்

எங்கள் பகுதி நர்சரிக்காரர் இப்போது செடிப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரு படம், ஒரு பெயர், விலை. அவ்வளவுதான். 'மல்லி' என்று போட்டிருந்ததை நம்பி மொட்டைமாடித் தொட்டிக்கு ஒன்று வாங்கினேன், வந்தது மரமல்லி. சாலையோரத்தில் 60 அடிக்கு மேல் போகிற மரம்! அவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. குண்டுமல்லி, ஜாதிமல்லி, பவழமல்லி, மரமல்லி எல்லாமே நம் வாயில் மல்லிதான். தாவரவியல் அறிஞர் லின்னேயஸே 1753-இல் குண்டுமல்லியைப் பவழமல்லியோடு ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார். குண்டுமல்லிக்கு 'ஜாஸ்மினம் சம்பக்' என்ற இன்றைய பெயர் வந்தது 1789-இல். ஆனால், விவரம் எழுதக் கன்றுப் பையில் செருகும் அட்டையில் இடமில்லை என்ற சாக்கு போனுக்குப் பொருந்தாது. தாவரவியல் பெயர், வளரும் உயரம், எவ்வளவு வெயில் வேண்டும், ஒட்டா பதியனா விதைக்கன்றா என்று நாலே வரி போதும். பூத்துக் குலுங்கும் படத்தோடு, கறுப்புப் பையில் இன்று நிற்கிற கன்றையும் ஒரு படம் எடுத்துப் போடலாம். நர்சரி அண்ணாச்சிகளே, தனி ஆப் எல்லாம் மெதுவாக வரட்டும். அந்த நாலு வரியை இந்த வாரமே எழுதிவிடுங்கள்.