கடைசிப் பெயர் என்னும் கட்டம்

தில்லியிலோ வாரணாசியிலோ படிக்கச் செல்லும் தமிழ்நாட்டு மாணவரிடம் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்கப்பட்டுவிடும்: 'ஆகே க்யா லகாத்தே ஹோ?' பெயருக்குப் பின்னால் என்ன போட்டுக்கொள்வாய் என்பது அதன் நேர்ப்பொருள். விடுதி எழுத்தர் கேட்பார், அறைத்தோழர் கேட்பார், வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார். சாதி என்ற சொல் அந்த வாக்கியத்தில் எங்குமில்லை. ஆனாலும் பெரும்பாலும் விடையாக எதிர்பார்க்கப்படுவது அதுதான். சொல்லப்படும் பொருளுக்கும் கருதப்படும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை மொழியியல் வகுப்பில் விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பின்னொட்டு இல்லாத பெயர் தமிழர்க்கு இயற்கையாக வாய்த்தது என்று எண்ணுவது பிழை. முதலியார், பிள்ளை, செட்டியார், நாடார், ஐயர் என்று பெயரின் முடிவில் சாதிப் பட்டம் நிற்பதே சென்ற நூற்றாண்டின் தொடக்கம்வரை இங்கும் பெருவழக்கு. 1927 இறுதியில் பெரியார் தம் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்பதை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பின் நடந்தவை பெரும்பாலும் எந்த ஆவணத்திலும் இல்லை. யாரோ ஒரு தாத்தா பள்ளிச் சேர்க்கையின்போது, மகனின் பெயரோடு பட்டத்தைச் சேர்க்க வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருப்பார். உறவினர் முகம் சுளித்திருப்பர். இரண்டு தலைமுறைக்குப் பிறகு அது எவர் கண்ணிலும் படாத வழக்கமாகிவிட்டது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக்குள் பட்டமின்றி வாழ எந்தத் துணிவும் வேண்டியதில்லை. எனவே அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்வதும் சற்று மிகையே. விந்தியத்துக்கு அப்பால் ஓர் அலுவலகச் சாளரத்தின் முன் நிற்கும்போதுதான், தாத்தாவின் முடிவு தன்னுடையதா என்று பேரன் கண்டுகொள்ள நேர்கிறது. இணையப் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்துக்கு அருகே சிவப்பு உடுக்குறி. நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. விடுதி இடம் நிரம்பிக்கொண்டிருக்கும். 'ஏதாவது ஒன்றைப் போட்டுத் தொலையேன்' என்பார் மூத்த மாணவர், அன்போடுதான்.

அந்த 'ஏதாவது ஒன்று' பலவகைப்படும். சிலர் தம் பெயரையே இருமுறை எழுதுவர். சிலர் புள்ளி வைப்பர். பெரும்பாலோர் தந்தை பெயரை எழுதுவர். இவற்றைச் சரணடைதல் என்று பழிப்பது அறமாகாது. இயந்திரத்தோடு எவரும் வாதாட முடியாது. ஆனால் நான்காவதாக ஒரு வகையினர் உண்டு. மூன்று தலைமுறையாக வீட்டில் எவரும் போட்டுக்கொள்ளாத பட்டத்தைத் தூசு தட்டி எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள். அவர்களுக்குக் கட்டம் ஒரு சாக்கு. ஊரில் சொல்லக் கூச்சப்பட்டதை வெளியூரில் சொன்னால் மதிப்புக் கிடைக்கிறது என்பதே காரணம்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, வலுவான மறுப்பு. பட்டம் போயிற்று, சாதி போயிற்றா? போகவில்லை. பெயரில் இல்லாததை ஊரையும் தெருவையும் கேட்டு அறிந்துகொள்ளும் கலையில் தமிழர் எவருக்கும் இளைத்தவரல்லர். மேலும், பின்னொட்டு இல்லாமை எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. ஆதிக்கச் சாதியில் பிறந்தவர் பட்டத்தைத் துறந்தால் அது பெருந்தன்மை எனப்படும். தலித் மாணவரின் பெயரில் அது இல்லையென்றால் 'எதை மறைக்கிறாய்' என்ற பார்வை எழும். தம் சாதிப் பெயரை வேண்டுமென்றே உரக்க எழுதும் தலித் இளைஞரும் நாடெங்கும் உள்ளனர். அவர்கள் நம்பிக்கை இதற்கு எதிர்த்திசையில் நடப்பது போலத் தோன்றினும், எதிர்கொள்வது அதே கேள்வியைத்தான்.

வடநாடு முழுதும் ஒரே மனம் என்பதும் இல்லை. 1974இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் எழுந்த இயக்கத்தின்போது இளைஞர் பலர் பூணூலையும் குலப்பெயரையும் கைவிட்டனர். இன்று தில்லி வகுப்பறையில் 'குமார்' என்று முடியும் பெயர்கள் சிலவற்றின் பின்னால் அந்த வரலாறு இருக்கக்கூடும். தமிழ் மாணவர் அதைக் கேட்டறிவது அரிது.

ஆய்வுலகில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தந்தை பெயரைக் கடைசிப் பெயராக்கிய மாணவியின் கட்டுரை ஆய்விதழில் வெளிவருகிறது. துணைநூற்பட்டியலில் முன்னால் நிற்பது தந்தை. மகள் ஓரெழுத்தாகச் சுருங்கிவிடுகிறாள். தமிழ் வழக்கில் ஓரெழுத்தாக இருந்தவர் தந்தையல்லவா! பள்ளிப்படிப்பைத் தாண்டாத உழவர் ஒருவர், தாம் அறியாமலே பன்னாட்டுக் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறார். அவருக்கு அந்தப் பெருமை வேண்டியதுதான். எனினும் உழைப்பு மகளுடையது. அச்சுப்படி திருத்தத்துக்கு வரும்போது, 'என் பெயர் இது, இதை இப்படியே அச்சிடுங்கள்' என்று ஒரு வரி எழுதும் உரிமையும் அவளுடையதே.

அந்த ஒரு வரியை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டு, படிவம் திறக்காமல், மாற்றுச் சான்றிதழோடு பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். எழுத்தர் கேட்கிறார், இவர்கள் தெரிந்த இந்தியில் விளக்குகிறார்கள். அவர் தலையசைத்துக் கையால் எழுதிக்கொள்கிறார். அடுத்த வாரம் அதே விளக்கத்தை வங்கியிலும், பிறகு நூலகத்திலும் சொல்லியாக வேண்டும்.