மீனுக்கு மருந்து வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள்



மாடியில் தொட்டி வைத்து ஜிலேபி மீனும் கீரையும் சேர்த்து வளர்ப்பது நம் தென்காசிப் பக்கமும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் இரண்டு மீன் செத்து மிதந்தால் உடனே ஆன்டிபயாடிக் வாங்கி ஊற்றுகிறீர்களே, அது தவறு.

மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. அது மீனுக்கு விஷம். சல்லிப் படுகையில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்தான் கீரைக்கு உரம். இவை பெருகி நிலைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நீங்கள் ஊற்றும் மருந்து இவற்றையும் சேர்த்தே கொல்லும். அம்மோனியா ஏறும், மிச்ச மீனும் சாகும்.

"மருந்து போட்டதும் பிழைத்ததே சார்" என்பீர்கள். அன்றைக்கே பாதித் தண்ணீரையும் மாற்றினீர்களே, அது காரணமாக இருக்கக் கூடாதா?

அந்த மீனையும் கீரையையும் தின்னப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளை மீன் வளர்ப்பில் நம் நாட்டில் சும்மாவா தடை செய்தார்கள்?

மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் முதலில் பம்பு ஓடுகிறதா பாருங்கள். தீனியை நிறுத்துங்கள். அம்மோனியாவைச் சோதித்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் திறந்த டிரம்மில் வைத்து, குளோரின் போனபிறகே ஊற்றுங்கள். சாரல் காலத்தில் தண்ணீர் குளிர்ந்தால் மீன் தின்பது குறையும், தீனியையும் குறையுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்று சிற்றாற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 1952-இல் இந்தியாவுக்கு வந்த அயல் மீன் இது. நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.