பார்வைக் குறைபாடுள்ள குழந்தை: 6 வயது வரை காத்திருக்கலாமா?

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் என்றதும் சர்க்கரை ஆலைதான் பலருக்கும் ஞாபகம் வரும். இப்போது சிப்காட், காலணித் தொழிற்சாலை என்று பேச்சு மாறியிருக்கிறது. இதுபோன்ற ஊர்களில் ஒரு குழந்தைக்குப் பார்வைக் குறைபாடு இருப்பது தெரிந்தால், டாக்டரைப் பார்த்த பிறகு அடுத்து என்ன? 'ஸ்கூல் போற வயசு வரட்டும், பாத்துக்கலாம்' என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் பதில். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் தாமதிக்கக் கூடாது?

பார்வையுள்ள குழந்தை, 5 மாதம் வாக்கில் கிலுகிலுப்பையைப் பார்த்ததும் கை நீட்டும். பார்வை இல்லாத குழந்தைக்குச் சத்தம் கேட்கும். ஆனால், அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது என்பது தெரியாது. சத்தத்தை நோக்கிக் கை நீட்டவே முதல் வயதின் கடைசி மாதங்கள் ஆகிவிடலாம் என்பதை அமெரிக்க ஆய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க் பதிவு செய்திருக்கிறார். கை நீட்டாத குழந்தைக்குத் தவழ்வதும் தள்ளிப்போகும். காலில் கோளாறு இருக்காது. நகர்வதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

அந்தக் காரணத்தை உருவாக்கித் தருவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. பெயரைப் பார்த்து வேலைக்கான பயிற்சி என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தையின் 'வேலை' விளையாடுவது, சாப்பிடுவது, சட்டை போடுவது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஓரளவு பார்வை இருந்தால், இட்லியை அடர்நிறத் தட்டில் வைக்கலாம். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி தெரியாது. தூக்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். புதுப் பொருளைத் தொட வைக்கக் கையைப் பிடித்து இழுக்காமல், குழந்தையின் கைக்கு அடியில் தன் கையை வைத்துக் கூட்டிப்போகலாம். விளையாட்டுச் சாமானை எப்போதும் ஒரே இடத்தில் வைக்கலாம். முக்கியமாக, 'பாவம்' என்று இடுப்பிலேயே வைத்திருக்காமல் தரையில் விடலாம். எது எப்போது என்பதைக் குழந்தையைப் பார்த்து முடிவு செய்யத்தான் தெரபிஸ்ட் தேவை.

அரசு என்ன செய்ய வேண்டும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அதற்கு முந்தைய வயதுக்காக, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. ஆனால் அவை மாவட்ட அளவில் இருப்பவை. கூலிக்குப் போகும் அம்மாவுக்கு ஒவ்வொரு முறை போய்வருவதும் ஒரு நாள் சம்பளம். நாலு தடவை போவார், அஞ்சாவது தடவை நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வழி இல்லாமல் இல்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான அங்கன்வாடி ஊருக்குள்ளேயே இருக்கிறது. மாதத்தில் சில நாட்கள் தெரபிஸ்ட் அங்கே வரட்டும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் அங்கன்வாடி பணியாளருக்கும் சொல்லிக் கொடுக்கட்டும்.

'அவ்வளவு தெரபிஸ்ட்டுக்கு எங்கே போவது?' என்று கேட்கலாம். ஆள் குறைவு என்பதால்தான் இந்த வழியே தேவைப்படுகிறது. தெரபிஸ்ட் குழந்தையோடு இருப்பது ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் குழந்தை இருப்பது வீட்டில்தான். சிகிச்சையும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.