யாரைக் கலங்கரை விளக்கம் என்பது?

நம் மன்ற மேடைகளிலே மிகவும் மலிந்துபோன பட்டம் ஒன்று உண்டு. வருகின்ற சொற்பொழிவாளர் ஒவ்வொருவரும் "கலங்கரை விளக்கம்"! பிரிவுபசார விழாவிலே பேராசிரியர் கலங்கரை விளக்கம். தேர்தல் வந்துவிட்டாலோ, செயலாளர் பதவிக்கு நிற்கும் நண்பரும் கலங்கரை விளக்கம்! பொன்னாடைக்காவது காசு வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். மெய்யான விளக்கம் ஒன்றின் வரலாற்றைக் கேட்டுவிட்டு, அப்புறம் அந்தப் பட்டத்தை வழங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைப்பது கலங்கரை விளக்கம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை காட்டும் விளக்கு, துறையிலே நின்று "இதோ கரை, வா" என்று அழைப்பது. நம் மேடைகள் அறிந்தது இந்த வகை ஒன்றைத்தான்.

இன்னொரு வகையும் உண்டு. இலங்கையின் தென்கிழக்கே, யால காட்டுக் கரையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள்ளே ஒரு பாறைத்தொடர் கிடக்கிறது. சிங்கள மக்கள் அதனை "மகா இராவணா கோட்டுவ" என்பர். பெரிய இராவணன் கோட்டை என்பது பொருள். 1961இல் அங்கே மூழ்கியவர்கள் வெள்ளி நாணயங்களை அள்ளி வந்தனர். அவுரங்கசீப் ஆட்சியிலே, 1702ஐ ஒட்டிச் சூரத்தில் அச்சானவை அவை. எவருடைய கப்பலோ, எத்தனை உயிரோ! விளக்கு இல்லாத இரவுக்குக் கடல் வாங்கிய விலை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே அங்கு இரும்புக் கோபுரம் நாட்டத் திட்டமிட்டார்கள். 40,000 பவுன் கரைந்தது, கோபுரம் எழவில்லை. பிறகு இங்கிலாந்தின் டிரினிட்டி ஹவுஸ் பொறுப்பேற்றது. ஜேம்ஸ் டக்ளஸ் வரைபடம் வகுத்தார். தம்பி வில்லியம் டக்ளஸ் கட்டுமானத்தை நடத்தினார். ஸ்காட்லாந்திலே செதுக்கிய கருங்கற்கள் கப்பலேறி வந்தன. அலை ஓய்ந்த நாட்களைப் பார்த்து அவற்றைப் பாறைமேல் இறக்கி அடுக்கினார்கள். டக்ளஸ் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்தக் கற்களைத் தூக்கிய கைகளின் பெயரை நம்மில் எவர் அறிவோம்? 1873 மார்ச் 10ஆம் நாள் விளக்கு எரிந்தது. 1878இல் சின்ன இராவணன் கோட்டையிலும் எரிந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட பின்னும் அந்தக் கோபுரம் நிற்கிறது.

அது என்ன சொல்கிறது? "என்னிடம் வா" என்றா? இல்லை. "இங்கே பாறை இருக்கிறது, விலகிப் போ" என்கிறது. அதனால் பிழைத்த மாலுமி நன்றி சொல்ல அருகே வருவதில்லை, வந்தால் மடிவான்! இராமுழுதும் விழித்து அதைக் காத்த காவலரின் முகத்தை, கடந்துபோன கப்பல்கள் கண்டதே இல்லை.

நண்பர்களே, நமக்குள்ளும் அத்தகையோர் இருக்கிறார்கள். "உன் கட்டுரை தேறாது, திருத்தி எழுது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆசிரியர். "அந்த வட்டிக்காரனிடம் போகாதே" என்று புதிய மாணவனைத் தடுக்கும் அண்ணன். கூட்டத்தைத் தம்பால் அழைப்பவருக்கு மாலை விழுகிறது. கேட்டிலிருந்து விலக்குபவருக்கு மனக்கசப்பே மிஞ்சுகிறது.

அழைக்கும் விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு அதுவும் வேண்டும். ஆனால் பாறைமேல் நிற்கும் விளக்குக்கும் அந்தப் பட்டத்தில் பங்கு உண்டு. அடுத்த விழாவிலே அந்தச் சொல்லை உச்சரிக்குமுன், மேடையில் அமர்ந்திருப்பவரை மட்டும் பாராதீர்கள். உங்களை எந்தப் பாறையிலிருந்து யார் விலக்கினார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.